பினாங்குக் கிராணி ஜவ்வரிசி வறுக்கிறான்

1

மூன்று மாத லீவில் சேலத்துக்கு வந்த நான், ஆறாவது வருஷமாக இங்கேயே இருக்கிறேன். பினாங்கில் இதைப் படிக்கும் நண்பர்கள் இப்போதே சிரித்துவிட வேண்டாம். சிரிப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

என் மனைவி மரகதத்தின் சித்தப்பா சூரமங்கலத்தில் ரயில்வே உத்தியோகஸ்தர். அவர் மகள் கல்யாணத்துக்கென்று இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினோம். கல்யாணம் ஆயிற்று, பழனியில் மொட்டை ஆயிற்று, திரும்புகிற கப்பலுக்குச் சீட்டுக்கூட வாங்கியாயிற்று. அதற்குள் யுத்தம் பினாங்குக்கே போய்விட்டது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, சம்பளம் நின்றது. நான் அரை அங்குல முடியும் ஆபீஸ் கோட்டுமாக சித்தப்பா வீட்டு வாசலில் நின்றேன்.

என் பாட்டனார் நாமக்கல் பக்கத்திலிருந்து பினாங்குக்குப் போனவர். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீஸில் கிராணியாக இருந்தவன். ஆகவே அவருக்கு எது சொந்த ஊரோ, அது எனக்கு அக்கரைச் சீமை. உங்களுக்கு நான் எழுதுவது வெளிநாட்டு வாழ்க்கைதான், சந்தேகமே வேண்டாம்.

இப்போது கப்பல் மறுபடியும் ஓடுகிறது. ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரனான ராமையா, உறவினரைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை சேலம் வருகிறான். என் நாற்காலி எனக்காகக் காத்திருக்கிறது என்று மானேஜர் சொல்லி அனுப்பியிருப்பதாகக் கடிதம் போட்டிருக்கிறான். வருகிறேனா இல்லையா என்பதை ராமையாவிடம் வாய்ப்பதிலாகச் சொல்ல வேண்டும். மரகதம் நேற்றே இரும்புப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள். அவளுடைய அம்மா அங்கே இருக்கிறாள், யுத்தத்தில் பிழைத்திருக்கிறாள். மரகதம் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி மட்டும் திறந்திருக்கிறது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இந்தச் செய்தி வந்திருந்தால் நீந்தியே வந்திருப்பேன். ஆனால் இதற்கு நடுவில் ஒரு காரியம் நடந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் நான் ஒரு தொழில் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே பதில் கிடைத்தாலும் கிடைக்கும்.

2

முதலில் இந்த ஊர்க் கதை. அதிகாலையில் ரயில் எஞ்சின் ஊதும்போது சூரமங்கலமே எழுந்துவிடும். அங்கே கப்பல் சங்கு, இங்கே ரயில் சங்கு. எனக்கு எழுந்திருப்பதில் கஷ்டம் இருக்கவில்லை. கஷ்டமெல்லாம் வாயைத் திறந்தபோதுதான். கடைத்தெருவை ‘பசார்’ என்றேன். முதலாளியைத் ‘தவுக்கே’ என்று கூப்பிட்டு வைத்தேன். குமாஸ்தா என்று சொல்லாமல் ‘கிராணி’ என்று சொன்னதில், எதிர் வீட்டம்மாள் என்னைக் கிராணிக் கழிச்சலுக்கு மருந்து கொடுக்கிற பெரிய வைத்தியர் என்று நினைத்து, முழங்கால் வலிக்கு மருந்து கேட்டாள்.

ரேஷன் ஆபீஸ் இன்னொரு கூத்து. நாங்கள் ‘தற்காலிகமாக வந்தவர்கள்’ என்று அங்கே பதிவாகியிருக்கிறது. வருஷா வருஷம் போய், நாங்கள் இன்னும் தற்காலிகமாகத்தான் இருக்கிறோம் என்று நான் நேரில் ருசுப்படுத்த வேண்டும். “எப்பத்தானுங்க போவீங்க?” என்று குமாஸ்தா கேட்பார். “கப்பல் விட்டால் போகிறேன்” என்பேன். “கப்பல் எப்ப உடுவாங்க?” என்பார். அதை என்னிடம் கேட்டால்? ஆனாலும் அவர் நல்ல மனுஷர். போன தடவை என் பெண்ணுக்கு எத்தனை வயது என்று கேட்டு, சர்க்கரை சேர்த்து எழுதினார்.

பெண் பெயர் சரோஜா. கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் இடுப்புக் குழந்தையாக வந்தாள். இப்போது இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். தெருப் பிள்ளைகள் பேசுவது போலவே ‘ஏனுங்க’, ‘ஆமாங்க’ என்று என்னையே மரியாதையில் மூழ்கடிக்கிறாள். ஒரு நாள் கேட்டாள்: “அப்பா, பெனாங்கு எந்த ஸ்டேசனுக்கு அப்புறமுங்க வரும்?” கடலையே பார்த்த நினைவில்லாத குழந்தை. உலகத்து ஊர்கள் எல்லாம் ஜங்ஷனுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தண்டவாளத்தில் கோத்திருப்பதாக நினைக்கிறாள். பெரியவன் சந்திரனுக்குக் கடல் ஞாபகம் இருக்கிறது. ஆனால் மலாய் போய்விட்டது. முன்பெல்லாம் கூட்டாளிகளிடம் பவுசு காட்ட மலாயில் நூறுவரை எண்ணுவான். இப்போது மூன்றோடு நிறுத்திக்கொள்கிறான்.

3

யுத்தத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் மருந்துக்குக்கூடக் கிடைக்காது. பாயசத்துக்கு இல்லை, வடகத்துக்கு இல்லை, காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்க இல்லை. அந்தச் சமயத்தில்தான் நாச்சிமுத்துக் கவுண்டர் என்னைத் தேடி வந்தார். கடலையெண்ணெய் வியாபாரி. சங்ககிரி ரோட்டில் அவருக்கு ஒரு பெரிய கொட்டகை இருந்தது. இந்த ஜில்லாவில் விளைகிற குச்சிக் கிழங்கு, அதாவது நம்முடைய மரவள்ளி, அதிலிருந்து மாவெடுத்து ஜவ்வரிசி பண்ணிவிடலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

“ஏனுங்க, பெனாங்கிலிருந்து வந்தவருங்களா?”

“ஆமாம்.”

“சவ்வரிசி அங்கிருந்துதானுங்களே வந்துட்டிருந்துச்சு?”

“ஆமாம்.”

“அப்பப் பண்ணத் தெரியுமில்லீங்க?”

“தெரியாது. நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணினவன். ஜவ்வரிசி மூட்டை கப்பல் கப்பலாக என் கண்ணெதிரே போயிருக்கிறது. ஒரு மணியைக்கூட நான் கையால் தொட்டதில்லை. அதைச் செய்கிற சீனர்களின் பட்டறை பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் எங்கோ இருந்தது. எட்டிக்கூடப் பார்த்ததில்லை.”

கவுண்டர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, எல்லாம் புரிந்துவிட்ட சிரிப்பு. “தொழில் ரகசியத்தை மொதல் நாளே அவுத்துக் கொட்டிருவாங்களா? மெதுவாச் சொல்லுங்க. அவசரமில்லீங்க” என்றார். மறுநாள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு எல்லாம் வைத்துக்கொண்டு வந்து நின்றார். தொழில் கற்றுக்கொள்ள வருகிறவன்தான் குருவுக்குத் தட்டு வைப்பான். இங்கே தொழிலே தெரியாதவனுக்குத் தட்டு வந்தது! நான் கோவில் மேல் சத்தியம் பண்ணினேன். அவர் மரியாதை இன்னும் கூடிவிட்டது. வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லையே, பெரிய தொழில்காரர்தான் என்று வெளியே போய்ச் சொன்னாராம்.

“கணக்கு எழுதுகிறேனே” என்று கேட்டுப் பார்த்தேன்.

“கணக்கெழுத ஆளிருக்குதுங்க. நீங்க அடுப்பாண்ட வாங்க.”

அடுப்பண்டை போனேன். அந்த முதல் நாளை என்னவென்று சொல்வேன்! கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, துணியில் வடிகட்டி, பாலைத் தொட்டியில் தேக்கினால் அடியில் மாவு படிகிறது. அதை ஈரத்தோடு சுரண்டி உதிர்க்க வேண்டும். என் கையை அதற்குள் விட்டேன். சில்லென்று, வழவழவென்று, அழுத்தினால் கல்லாகிப் பிடியைத் தளர்த்தினால் ஓடிப்போகிற மாவு. இருபது வருஷம் பேனாவைத் தவிர வேறொன்றும் பிடிக்காத கை அது. நான் சிறுபிள்ளை போல மாவைப் பிடிப்பதும் விடுவதுமாக நின்றேன்.

“ஏனுங்க பெனாங்கய்யா, வெளையாடியாச்சுன்னா சித்தெத் தள்ளி நில்லுங்க” என்றாள் பாவாயி.

பாவாயிக்கு என் வயதுதான் இருக்கும். கடலை உடைக்கிற வேலையை விட்டுவிட்டு இந்தக் கொட்டகைக்கு வந்தவள். கூட வந்த பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. வாய்த் துடுக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஈரமாவை ஒரு பழைய சேலைத் துணியில் போட்டு, இரு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, தூளி ஆட்டுவது போல ஆட்டினால் மாவு உருண்டு மணியாகும். அந்த வேலையில் அவளுக்கு எதிர்முனை நான். அவள் ஆட்டினால் மணி. நான் ஆட்டினால் கட்டி. “பெனாங்குல இப்பிடித்தானுங்களா?” என்பாள். “பினாங்கில் நான் இதைச் செய்ததே இல்லை” என்பேன். மற்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். ரகசியக்காரர், வேண்டுமென்றே தப்பாக ஆட்டுகிறார் என்று அர்த்தம்.

4

மணி உருண்டது. ஆனால் ஜவ்வரிசி ஆகவில்லை.

இந்தச் சேலத்து வெயிலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடலை, மிளகாய், பஞ்சு, நெல், புளி எதுவானாலும் இங்கே முதல் வேலை களத்தில் கொட்டி வெயிலில் காயப் போடுவது. கேள்வியே கிடையாது. பல் தேய்ப்பது மாதிரி. ஆகவே உருட்டின மணியையும் பாயில் பரப்பி நன்றாகக் காய வைத்தார்கள். காய்ந்த பிறகு இரும்புத் தட்டில் போட்டு வறுத்தோம். பார்வைக்கு லட்சணமாக இருந்தது. செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒரு பிடி எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். போட்டதுதான் தெரியும். மணியெல்லாம் கரைந்து பசையாகிவிட்டது.

“இது சவ்வரிசி இல்லீங்க. சுவத்துல காயிதம் ஒட்டலாம்” என்றார்.

மாவை மாற்றினோம். விறகை மாற்றினோம். அதிகம் காய வைத்தோம். இன்னும் அதிகம் காய வைத்தோம். எல்லாம் பசைதான். கவுண்டர் கையிருப்பெல்லாம் கிழங்காகிப் பசையாகிப் போயிற்று. அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. ஒரு நாள் எல்லோர் எதிரிலும் சொன்னார்:

“பொங்கல் வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்கு மேல முடியாது. கொட்டாயச் சாத்திப்போட்டு எண்ணெய் யாவாரத்துக்கே போயிடறேன். பெனாங்கய்யா, உங்களுக்கு இதுல என்னங்க லாபம்? என்னய நட்டப்படுத்தோணும்னு ஏனுங்க நெனைக்கறீங்க?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டுமென்றே மறைக்கிறேன் என்று அந்த மனுஷர் நிஜமாகவே நம்பினார். அதைவிட, அன்று சாயங்காலம் பாவாயி சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. துடுக்கெல்லாம் போய், மெல்லிய குரலில் சொன்னாள்: “சொல்லிருங்க சாமி. எங்களுக்காச்சும் சொல்லிருங்க. மறுக்காப் போயிக் கடலை ஒடைக்க விரல்ல தெம்பில்லீங்க.” எனக்குத் தெரியாது பாவாயி, சத்தியமாகத் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. என் மேல் கோபப்படவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, கொட்டகை மூடிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் சித்தப்பா தயவில் சோறு. மறுபடியும் கப்பல் வராதா என்று பத்திரிகை பார்த்துக்கொண்டு, ஒன்றுக்கும் ஆகாமல் உட்கார்ந்திருக்கும் தற்காலிகப் பிறவி. மரகதம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“நம்ம ஊர்ல துணி காய எத்தனை பாடு!” என்றாள் தன்பாட்டுக்கு. “தினம் மத்தியானம் மழை. அடுப்பு மேல கூடையைக் கவுத்துப் போட்டு, அதுல புள்ளைங்க சட்டையை விரிச்சுக் காய வைப்பேன். இங்க பாருங்க, பிழிஞ்சு போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள மொறமொறங்குது.”

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பினாங்கில் ஏது வெயில்? தினம் தினம் மழை கொட்டுகிற ஊரில் ஈரமணியை எந்தக் களத்தில் காய வைத்திருப்பார்கள்? காத்திருந்தால் பூஞ்சணம் பூத்துவிடுமே! மரகதம் அடுப்பு மேல் விரித்த சட்டை போலத்தான். ஈரத்தோடு நேராக நெருப்பில்! வறுப்பது முதலில், வெயிலெல்லாம் அப்புறம்!

சைக்கிளை எடுத்தேன். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தேன் என்று அப்புறம் சொன்னார்கள். சங்ககிரி ரோட்டில் எதிரே வந்த கட்டைவண்டியெல்லாம் எனக்கு ஒதுங்கி வழிவிட்டது. கொட்டகையில் பெண்கள் அப்போதுதான் மணியைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

“காய வைக்காதீங்க! அள்ளுங்க! அள்ளுங்க!” என்று கத்தினேன்.

“கிறுக்குப் புடிச்சுப்போச்சுங்களா?” என்றாள் பாவாயி.

“பிடித்துவிட்டது. அடுப்பை மூட்டு.”

முதல் ஈடு தட்டில் ஒட்டிக்கொண்டு ஒரே அடையாக வந்தது. பாவாயி தட்டை எண்ணெய்த் துணியால் துடைத்தாள். இரண்டாவது ஈடு பாதி ஒட்டியது. தீயைக் குறைத்தோம். மூன்றாவது ஈட்டில் ஈரமணி தட்டில் விழுந்ததும் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பாவாயி துடுப்பால் விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தாள். சுண்ணாம்பு போல வெளுத்திருந்த மணி, எங்கள் கண்ணெதிரே ஓரத்தில் கண்ணாடி போல ஆயிற்று. ஒரு பிடி அள்ளிக் கொதிதண்ணீரில் போட்டேன். எல்லோரும் பானையைச் சுற்றிக் குனிந்தார்கள். மணி மேலே வந்தது, கீழே போனது, உப்பியது. கரையவில்லை! பாவாயி ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்கள் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் தீப்பிடித்துவிட்டதென்று குடத்தோடு ஓடி வந்தார்கள்.

கவுண்டர் வந்து பார்த்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “இத்தன நாளா இத மனசுக்குள்ளயே வெச்சிருந்தீங்க பாருங்க!” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அவர் சொன்னது சரிதானே! ரகசியம் என்னிடம்தான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

5

வழி தெரிந்தது வேறு, கை வருவது வேறு. அதற்கு ஒரு வருஷம் போல ஆயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான வருஷம் இருந்ததில்லை.

தட்டின் சூட்டை உள்ளங்கையை மேலே காட்டித்தான் பார்க்க வேண்டும். சூடு கூடினால் அடை, குறைந்தால் பசை. மணி விழுந்ததும் உஸ்ஸென்ற சத்தம். பக்குவம் வந்ததும் சலசலவென்று வேறு சத்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் வாரிவிட வேண்டும். முதலில் பாவாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தெரிந்தது. அப்புறம் தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் தெரிந்தது. முழங்கை வரை பொரிப்பொரியாகத் தீத்தழும்பு. ஆபீஸில் மைக்கறை படிந்தால் எலுமிச்சை போட்டுத் தேய்த்தவன், இந்தத் தழும்புகளைப் பார்ப்பவருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. துண்டில் அரிசி மாவைப் போட்டு, ஒரு முனையைச் சரோஜாவிடம் கொடுத்து ஆட்டச் சொல்வேன். மரகதம் மாவுப் பானையை ஒளித்து வைக்கிற அளவுக்குப் போயிற்று.

தூளி ஆட்டுவதில் பாவாயியோடு தினம் சண்டை. அவள் இழுக்கும்போது நான் விட வேண்டும், நான் இழுக்கும்போது அவள் விட வேண்டும். அவளுக்குக் கோபம் வந்தால் வேகம் கூடிவிடும், எனக்குப் பேச்சு வந்தால் வேகம் குறைந்துவிடும். “பேசறதுன்னா பேசுங்க, ஆட்டறதுன்னா ஆட்டுங்க” என்பாள். கடைசியில் பேசிக்கொண்டே ஆட்டக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பழைய மண்டிக்காரர் ஒரு நாள் கொட்டகைக்கே வந்து, குவித்திருந்ததில் ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்த்து, “இது ஆரு வறுத்ததுங்க?” என்றார். பாவாயி தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அது பெனாங்கய்யா ஈடுங்க. தொட்டாலே தெரியுமே.”

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆபீஸில் துரை தோளில் தட்டியிருக்கிறார். இந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது கால் பெடலில் பாவவில்லை.

6

மேலே எழுதியதெல்லாம் ராமையா வருவதற்கு முன்னால் எழுதியது. பதில் கிடைக்குமென்று எழுதினேன் அல்லவா? கிடைக்கவில்லை. ஒரு பக்கம் மரகதத்தின் அம்மா. ஒரு பக்கம் இரும்புத் தட்டு. வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

ராமையா நேராகக் கொட்டகைக்கே ஜட்கா வண்டியில் வந்து இறங்கினான். அடையாளம் தெரியவில்லை. பாதி ராமையாதான் வந்திருந்தான். மீதியை யுத்தம் தின்றிருந்தது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என்னடா இது, சமையல்காரன் கை மாதிரி!” என்றான். மரகதம் தூக்குப் பாத்திரத்தில் தேங்காய்ப்பால் விட்டு ஜவ்வரிசிப் பாயசம் கொடுத்தனுப்பியிருந்தாள். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“நம்ம ஊர் சரக்குடா! எந்தக் கப்பல்ல வந்துச்சு?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “கப்பலாவது! அதோ, அதிலிருந்து வந்தது. நான் வறுத்தேன்” என்று கிழங்குக் குவியலைக் காட்டினேன்.

அவன் குவியலைப் பார்த்தான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

“மரவள்ளியா?” என்றான். “மூணு வருஷத்துக்கு மேல இதுதான்டா சோறு. வீட்டு வாசல்ல நட்டோம், கோயில் பின்னால நட்டோம், பந்து விளையாடற எடத்துல நட்டோம். காலையில இது, ராத்திரி இது. எங்க அம்மா கடைசியா வேணாம்னு தள்ளினதும் இதுதான். அப்பவே ஒரு முடிவு பண்ணேன், உசிரோட இருந்தா இத மறுபடி வாயில வைக்கிறதில்லன்னு.”

அவர்கள் அங்கே அதைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நான் இங்கே அதே கிழங்கில் கையை விட்டுக் குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாவாயி கிட்ட வந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழவில்லை. கிண்ணம் அப்படியே இருப்பதுதான் அவள் கண்ணில் பட்டது.

“வந்த ஒறம்பரை ஏனுங்க அப்பிடியே வெச்சுட்டாங்க? வேகலீங்களா?” என்று கேட்டாள். அவள் குரலில் அவ்வளவு பயம்.

ராமையா அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் கையிலும் தழும்பு இருந்தது. கிண்ணத்தை எடுத்தான். ஒரு வாய் வைத்தான், மெதுவாக மென்றான்.

“வெந்திருக்கும்மா. நல்லா வெந்திருக்கு” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தான்.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். “மானேஜர்கிட்ட என்ன சொல்லட்டும்?”

நான் பதில் யோசித்தேன். எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தேன்! அம்மா, பெட்டி, குழந்தைகள், நாற்காலி, எல்லாவற்றையும் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டுமென்று தொண்டையைக் கனைத்தேன். என் முதுகுப் பக்கம் தட்டில் சத்தம் மாறியது. நான் எழுந்து ஓடி, அங்கே நின்ற பெண்ணிடமிருந்து துடுப்பைப் பிடுங்கி வாரிக் கொட்டிய பிறகுதான் ராமையா என்று ஒருவன் உட்கார்ந்திருப்பதே நினைவு வந்தது.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். “ஆபீஸ்ல தீப்பிடிச்சப்பக்கூட நீ எழுந்து ஓடினதில்லடா. சரி, அவர்கிட்ட வேற ஆள் பார்க்கச் சொல்றேன்” என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். பயம் துளிகூட இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய் மரகதத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ராமையாவை வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனபோது மரகதமும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் அழுதாள், நன்றாக அழுதாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கென்று ஒரு புடவையையும் ஒரு சிறு மூட்டையையும் ரயில் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

“அம்மாகிட்ட வேற என்ன சொல்லணும்மா?” என்று ராமையா கேட்டான்.

“நாங்க வரலேன்னா அம்மா என்னைத்தான் திட்டுவாங்க அண்ணே. இதைச் சொல்லுங்க. அங்க இருந்த வரைக்கும் இவர் ஆபீஸ் விட்டு வந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். உனக்கு என்னடி குறைன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருப்பாங்க, நான் ஒண்ணுமில்லன்னுவேன். இங்க வந்து அந்தத் தட்டுகிட்ட நின்னதுலேருந்து வாய் மூடறதில்ல. தூக்கத்துலகூடப் பேசறார். அதைச் சொல்லுங்க போதும். அம்மாவுக்குப் புரியும்.”

ரயில் நகர்ந்தது. சரோஜா கையை ஆட்டி, “போயிட்டு வாங்க மாமா” என்று கத்தினாள். மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீடு போய்ச் சேரும் வரை எனக்கு ஒரு வார்த்தை பேச வரவில்லை.